படத்துக்கும் ஒரு கொளு: கெமாஸ் கடைத்தெருவும் நிழற்படக் கலையும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தென்கிழக்கு ஓரத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் கெமாஸ். இவ்வூரின் பெயரைக் கேட்டதும் கற்றோர் நினைவில் எழுவன இரண்டு. ஒன்று இரயில்; மற்றொன்று போர். மேற்குக் கரை இருப்புப்பாதையிலிருந்து கிழக்குக் கரைப் பாதை பிரிவது இங்கேதான். தெற்கே ஜொகூர் பாரு வரை செல்லும் பாதை 1909ஆம் ஆண்டிலும், வடக்கே கிளந்தானின் தும்பாட் வரை செல்லும் பாதை 1931ஆம் ஆண்டிலும் முழுமையுற்றன. 1942 சனவரி 14ஆம் நாள், ஊருக்கு மேற்கே கெமெஞ்சே ஆற்றின் மரப்பாலத்தருகே பதுங்கியிருந்த ஆஸ்திரேலியப் படையினர், மிதிவண்டிகளில் அணியணியாக வந்த ஜப்பானியப் படையைத் தாக்கினர். அவ்விடத்தில் இன்று நினைவுச் சின்னம் நிற்கின்றது. படக்கருவியுடன் கெமாசுக்கு வருவோர் முதலில் தண்டவாளங்கள் பிரியும் இடத்தைப் பிடிப்பர். அடுத்து நினைவுச் சின்னத்தைப் பிடிப்பர். வந்த வழியே திரும்புவர்.

இவ்விரண்டும் படமாக வேண்டியனவே. ஆயினும், தண்டவாளத்தைப் பிடித்தவருக்கு அதனருகே இருந்த கடைத்தெரு ஏன் கண்ணில் படவில்லை என்னும் வினா எழுகின்றது. கெமாஸ் இரயிலால் பிறந்த ஊர். தோட்டங்களால் வளர்ந்த ஊர். இருப்புப்பாதையில் சல்லி கொட்டிக் கட்டை மாற்றிய கூலிகளுள் தமிழர் மிகப் பலர். நிலைய அலுவலராகவும் கிராணிகளாகவும் மலாயா இரயில்வேயில் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழரும் பலர். சுற்றுவட்டார இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாவில் சுமந்து ஸ்டோரில் ஊற்றியோர் சம்பள நாளில் இறங்கிய இடம் இத்தகைய சிறு நகர்களே. மளிகைக் கடை, நகைப் பட்டறை, முடிதிருத்தும் கடை, தையற்கடை, சீனத் தவுக்கேயின் காப்பிக்கடை, தமிழர் ஒட்டுக்கடை, வெற்றிலைப் பெட்டிக்கடை என இவற்றின் வாசலில்தான் தோட்டத்தார் உலகத்தைச் சந்தித்தனர். இவ்வாழ்க்கை படமாயிற்றா, எவ்வாறு ஆயிற்று, இனி எவ்வாறு ஆகவேண்டும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வு.

தொடங்குமுன் சொல் பற்றி ஒரு சிறு குறிப்பு. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் எனத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. புகைக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு யாதெனக் கேட்கும் மாணவனுக்கு விடை கூறுதல் ஆசிரியர்க்கு எளிதன்று. ஒளி படிவதால் ஒளிப்படம் என்பதே பொருத்தம் என்பாரும் உளர். ஆயின் பேச்சு வழக்கில் மக்கள் இவற்றை விட்டு, ‘படம் பிடித்தான்’, ‘படம் எடுத்தான்’ என்றே சொல்லுகின்றனர். பிடித்தலும் எடுத்தலும் ஒருவரிடமிருந்து ஒன்றைக் கொள்ளும் செயல்கள். கொண்டவன் கொடுத்தது என்ன என்னும் கேள்வி அவ்வழக்கிலேயே ஒளிந்து கிடக்கின்றது.

இந்நாட்டில் தமிழர்மீது படக்கருவி முதலில் திரும்பியபோது கொடுத்தது ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூரில் பெயர்பெற்று விளங்கிய லம்பெர்ட் நிறுவனத்தார் தீவின் காட்சிகளையும் பல இனத்தாரின் உருவங்களையும் படமாக்கி விற்றனர். அப்படங்களின் கீழ் மனிதரின் பெயர் இராது. இனத்தின் பெயரே இருக்கும். தமிழரைக் ‘கிளிங்’ எனக் குறித்தனர். கலிங்கத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் அச்சொல் பின்னாளில் வசைச்சொல்லாகவே ஆயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. சுமத்ராவின் மேடானில் தொழில் நடத்திய கிளைன்குரோத் என்பார் 1907ஆம் ஆண்டில் மலாயாத் தீபகற்பம் பற்றிப் பெரும்படத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அரசுக் கட்டடங்கள், இருப்புப்பாதை, ஈயச் சுரங்கம், தோட்டம் எனப் புதிய செல்வத்தின் அணிவகுப்பாக அமைந்தது அது. கலைத்திறனில் குறைந்ததென எவரும் கூறார். எனினும் அதில் தொழிலாளி, மரத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோல் போலவே நிற்கின்றான். பார்ப்பவன் மரத்தை எண்ணுவான், ஆளை எண்ணான்.

அடுத்து அரசின் கண் திரும்பியது. 1948ஆம் ஆண்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் பதிவு செய்யப்பட்டு, படமும் பெருவிரல் பதிவும் கொண்ட அடையாள அட்டை பெறலாயினர். தோட்டத்தில் வாழ்ந்த பலருக்கு, குறிப்பாக முதிய பெண்டிர்க்கு, வாழ்வில் முதன்முதலாக எடுக்கப்பட்ட படம் அதுவாகவே இருந்திருக்கும். கண் இமையாமல், முக்காடு விலக்கி, எதிரே பார்க்கும் முகம். காட்டுக்குள் இருந்தோர் அவ்வட்டைகளைப் பிடுங்கி அழித்தனர். அட்டை இல்லாதவரை அதிகாரிகள் ஐயுற்றனர். இடையில் நின்றவன் தன் முகத்தைச் சட்டைப்பையில் வைத்துக் காக்க வேண்டியவனானான். இப்படத்தில் பெயர் உண்டு, எண்ணும் உண்டு. கையில் உளியோ பால்வாளியோ இல்லை. நின்ற மண்ணும் இல்லை. லம்பெர்ட் படத்தில் இனம் இருந்து பெயர் இல்லை. அட்டைப் படத்தில் பெயர் இருந்து வாழ்வு இல்லை.

இவ்விரண்டுக்கும் மாறாக, மக்கள் தாமே காசு கொடுத்துத் தம்மைப் படமாக்கிக்கொண்ட இடம் ஒன்றுண்டு. அது சிறுநகரின் போட்டோக் கடை. மலாயாவில் இத்தொழிலைப் பெரும்பாலும் சீனரே நடத்தினர். சம்பளம் வாங்கிய ஞாயிறு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, பெட்டியில் மடித்து வைத்த சேலை கட்டி, குழந்தையை இடுப்பில் ஏற்றி, தோட்டத்து லோரியில் ஏறி நகருக்கு வந்தது ஒரு குடும்பத்தின் திருநாள். தூண்களும் பூந்தொட்டிகளும் தீட்டிய திரைக்கு முன் கணவன் நாற்காலியில் அமர்வான். மனைவி தோளருகே நிற்பாள். கடைக்காரரிடமே இரவல் கோட்டும் கைக்கடிகாரமும் கிடைத்தன. கடிகாரம் தெரியுமாறு கையை முழங்கால்மீது வைத்த படங்கள் எத்தனை வீடுகளில் சுவரேறின! அதனை எள்ளுவோர் உளர். எள்ளுதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் பிறருக்காகக் குனிந்தவன் ஒருநாள் நிமிர்ந்து அமர்ந்த கோலம் அது. அந்தக் கோட்டு அவனுடையதன்று. அந்த நிமிர்வு அவனுடையது.

அப்படங்களுள் ஒன்று நாகப்பட்டினம் வழியாகக் கடல் கடந்து ஊருக்குப் போகும். பெண் பார்க்க ஒரு படம். பிள்ளை பிறந்ததற்கு ஒரு படம். இறந்தவரைச் சவப்பெட்டியில் கிடத்திச் சுற்றத்தார் சூழ நின்ற படமும் ஒன்று. வர இயலாத உடன்பிறப்புக்கு அதுவே ஈமச் செய்தி. இத்தனை வேலை செய்த கலையைக் கலையென்றே கருதாது விட்டது இங்குள்ள திறனாய்வின் குறை. ஓவியக் கண்காட்சிக்கு மதிப்புரை எழுதுவோர் போட்டோக் கடையின் சுவரை ஏறிட்டும் பார்த்திலர்.

தமிழகத்தில் இக்குறையை உணர்ந்தோர் உளர். புதுவையிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்தோர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுக் காலப் படக்கூடங்களின் படங்களைத் தேடி மின்னணு வடிவில் காத்து வருகின்றனர். மூடப்பட்ட கடைகளின் பரணிலும் வீட்டுப் பெட்டிகளிலும் கிடந்தவை அவை. கண்ணாடித் தகடுகளைக் கழுவி வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கமும் இருந்தமையால் அழிந்தவை அழிந்தன, எஞ்சியவை எஞ்சின.

சிற்றூர்ப் படக்கடை ஒன்று உலகப் புகழ் எய்திய கதையும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்பது உழவர் வாழும் சிறு நகரம். அங்குக் கடை வைத்திருந்த மைக் டிஸ்பார்மர், சூறைக்காற்று ஒன்றே தம்மைப் பெற்றோர் வீட்டில் கொண்டுவந்து போட்டதாகச் சொல்லித் திரிந்த விந்தை மனிதர். தம் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டவர். அவர் தீட்டிய திரையை நாடவில்லை. வெற்றுச் சுவருக்கு முன் உழவரை நிறுத்தினார். சிரிக்கச் சொல்லவும் இல்லை. 1959இல் அவர் மறைந்தபின் கண்ணாடித் தகடுகள் யாவும் ஐந்து டாலருக்கு விலைபோயின. 1976இல் அவை நூலாக வெளிவந்தபோது நியூயார்க் நகரத்தார் வியந்தனர். கெமாஸ் போன்ற ஊர்களிலும் ஐந்து வெள்ளிக்கும் போகாமல் குப்பைக்குப் போன தகடுகள் இருந்திருக்கலாம்.

கடையையும் தொழிலையும் படமாக்கியோர் வேறு வகையினர். பாரிசின் கடைவாசல்களையும் தெருவணிகரையும் பெருங்கருவியைத் தூக்கிச் சென்று பிடித்த அட்ஜே, தம் படங்களை ஓவியர்க்கு வேண்டிய ஆவணம் என்றே கூறி விற்றார். அவ்வடக்கம் பாராட்டத்தக்கது. ஜெர்மானியரான ஆகஸ்ட் சாண்டர் தம் நாட்டு மக்களைத் தொழில்வாரியாகப் படமாக்கி, 1929இல் அறுபது படங்களை நூலாக வெளியிட்டார். 1936இல் நாஜி அரசு அந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்தது. தான் சொல்லும் ஒரே முகம் அல்லாத பல முகங்களை அவ்வரசு பொறுக்கவில்லை. சாண்டர் எடுத்த பலகாரம் செய்பவரின் படம் பலராலும் போற்றப்படுவது. பருத்த உடலும் வெள்ளை அங்கியும் கையில் கலக்கும் பாத்திரமுமாக, தம் அடுக்களையில் மன்னர்போல் நிற்கின்றார் அவர். ஆனால் படத்தின் பெயர் ‘பலகாரம் செய்பவர்’ என்பதே. மனிதர் மறைந்து தொழில் நிற்கின்றது. லம்பெர்ட் செய்ததை அன்போடு செய்தார் சாண்டர் என்று கூறினால் அது சற்றுக் கடுமையாகலாம்; பொய்யாகாது.

இந்நாட்டுக்கு மீள்வோம். பினாங்கின் லிட்டில் இந்தியாத் தெருக்களை 1979ஆம் ஆண்டில் கறுப்பு வெள்ளையில் படமாக்கியவர் மருத்துவர் ஊய் செங் கீ. தொழிலால் படக்கலைஞர் அல்லர், சீனர், தமிழர் தெருவில் அயலார். அப்படங்கள் நூலாக வந்தது 2011ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேலான காலம் அப்படங்களுக்கு நன்மையே செய்தது. எடுத்தபோது அவை அன்றாடக் காட்சி, வெளிவந்தபோது வரலாறு. அவர் கண்காட்சிக்கென்று தெருவை அலங்கரிக்கவில்லை. உழைப்பும் ஓய்வுமாகக் கடைத்தெரு தன்போக்கில் இயங்கியதை அருகில் நின்று கண்டார். ஒருநாள் வந்து ஓடுபவர்க்கு வாய்க்காத அண்மை அது. அடிக்கடி வருபவரைத் தெரு மறந்துவிடும். மறந்த பின்னரே அது தன் இயல்பில் இருக்கும்.

பினாங்கைச் சேர்ந்த இஸ்மாயில் ஹாஷிம் (1940-2013) இன்னொரு வழி கண்டார். மிதிவண்டிகள், கடைகள், அஞ்சற்பெட்டிகள் முதலிய எளிய பொருள்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, அவற்றின்மேல் கையால் மென்மையாக வண்ணம் தீட்டினார். ஒரே வகைப் பொருளைப் பலவாகப் பிடித்து வரிசையாக அடுக்குதலும் அவர்தம் முறை. மனிதர் இல்லாத படங்களிலும் மனிதர் தேய்த்த தேய்வு தெரியும். மிதிவண்டியின் இருக்கையைப் பார்த்தாலே ஏறியவனின் வயதைச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். சாண்டர் மனிதரைத் தொழிலாக்கினார். இஸ்மாயில் பொருளை மனிதராக்கினார் எனலாம். கெமாஸ் கடைத்தெருவுக்கு இருவரும் வேண்டும். இருவரும் மட்டும் போதார்.

அண்மைக்காலத்தில் சிறுநகர்களைத் தேடிச் செல்லும் இளைஞர் பலர். செரம்பானிலிருந்து கெமாஸ் வரையிலான மின்மய இரட்டைப் பாதை 2013இல் முடிவுற்று, 2015 முதல் மின்தொடர்வண்டியும் வந்தமையால் தலைநகரிலிருந்து வருதல் எளிதாயிற்று. இவர்கள் எடுப்பவை பெரும்பாலும் ஒரே சாயல் உடையன. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், துருவேறிய இரும்புக் கதவு, எழுத்து அழிந்த பெயர்ப்பலகை, காலி நாற்காலி. பார்ப்பவர் மனத்தில் இனிய சோகம் ஒன்று படரும். அச்சோகம் யாருக்காக? அடைத்த கதவுக்கு அடுத்த கதவு திறந்துதான் கிடக்கின்றது. அதன் உள்ளே ஒருவர் தராசில் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கின்றார். படக்கலைஞர் அவரைக் கடந்து துருவை நோக்கி நடக்கின்றார். வாழ்பவரை விட்டு இடிபாட்டைப் போற்றும் இப்போக்கு ஊரை உயிரோடு இருக்கும்போதே அருங்காட்சியகமாக்கி விடுகின்றது. லம்பெர்ட்டாவது ஆளை நிற்க வைத்தார்.

நல்ல படம் எங்குத் தொடங்கும்? மளிகைக் கடையையே எடுத்துக்கொள்ளலாம். வாசலின் ஐந்தடி நடையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். உள்ளே இருள் அப்பிக் கிடக்கும். வெயிலுக்கேற்பக் கருவியை அமைத்தால் கடைக்காரர் கருநிழலாவார். அவருக்கேற்ப அமைத்தால் தெரு வெளுத்து மறையும். பளிச்சென மின்னல் விளக்கை எறிந்தால் மூட்டைகளின் மேலிருந்த மென்னொளி செத்துவிடும். ஆகவே காலை ஒளி கடைக்குள் சாய்ந்து நுழையும் நேரத்திற்குக் காத்திருத்தல் வேண்டும். காத்திருப்பவர் பேசியே ஆகவேண்டும். பேச்சில்தான் அந்த 555 என எண்ணிட்ட சிறு குறிப்புப் புத்தகம் வெளிவரும். மலேசியர் யாவரும் அறிந்த கடன் கணக்குப் புத்தகம் அது. அரிசி இத்தனை, மண்ணெண்ணெய் இத்தனை, சம்பளத்தில் கழித்தது இத்தனை என ஒரு குடும்பத்தின் மாத வாழ்வு அதில் எழுதப்பட்டிருக்கும். தோட்டம் துண்டாடப்பட்டோ செம்பனைக்கு மாறியோ, 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் சிவப்பு அட்டைக்காரர் கப்பலேறியோ போனபின், தீராத கணக்குகள் கடைகளில் தங்கின. கடைக்காரரின் முகத்தை மட்டும் பிடித்தவர் பாதி பிடித்தார். அப்புத்தகத்தைத் திறந்த கையோடு பிடித்தவரே கடையைப் பிடித்தார்.

நகைப் பட்டறையின் ஊதுகுழலும் முடிதிருத்துவோரின் தீட்டுவாரும் தையற்காரரின் கால்மிதி இயந்திரமும் இத்தகையனவே. தொழிலில் கை இருக்கும் நேரத்தில் முகம் தன்னை மறந்திருக்கும். ‘இப்படிப் பாருங்கள்’ என்ற சொல் அந்த மறதியைக் கெடுக்கும்.

இனி, பெயர் பற்றிய வழக்கைத் தீர்க்க வேண்டும். படம் தானே பேசவேண்டும். எழுத்து அதற்கு ஊன்றுகோல் ஆதல் கூடாது என்பர் ஒரு சாரார். தமிழ் பயின்றோர் இதற்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அகத்துறைப் பாட்டில் தலைமக்களைப் பெயர் சுட்டிக் கூறுதல் மரபன்று. அங்கே தலைவன் எவனும் ஆவான். புறத்துறை அவ்வாறன்று. இன்னாரை இன்னார் இன்ன நிலையில் பாடினார் என்னும் கொளு இன்றேல், புறநானூற்றின் மன்னரும் வள்ளல்களும் பலர் உருவற்றுப் போயிருப்பர். குறுந்தொகையில் பெயர் தொலைந்த புலவரைச் செம்புலப்பெயனீரார் என அவர்தம் உவமையாலேயே அழைக்கின்றோம். அழகிய பெயர்தான். எனினும் தாய் இட்ட பெயர் அன்று. காதலைக் காட்டும் படம் அகம். அதற்குப் பெயர் வேண்டா. கடையும் கடனும் உழைப்பும் புறம். அங்கே பெயரை விடுதல் மரபும் அன்று, அறமும் அன்று.

கேட்டால் சொல்ல மறுப்பாரே எனின், மறுப்பவரைப் படம் எடாதிருத்தலே முறை. பல இடங்களில் மறுப்பு எழுவது பெயர் கேட்டதால் அன்று, கேளாமல் எடுத்ததால். கடைக்கு முன் நின்று கருவியை உயர்த்தியவர், எடுத்த படத்தின் ஒரு படியைக் கொண்டுவந்து கொடுத்தால் அடுத்த முறை தேநீர் கிடைக்கும். அத்தேநீரோடு தந்தையார் எந்தக் கப்பலில் வந்தார், கடை எந்த ஆண்டில் தொடங்கியது, நள்ளிரவில் வண்டி மாறக் காத்திருந்த பயணிகளுக்கு இங்கு என்ன விற்றார்கள் என்பனவும் கிடைக்கும்.

இக்கைப்பேசிக் காலத்தில் படத்துக்குப் பஞ்சமில்லை, கொளுவுக்கே பஞ்சம். தமிழ்ப்பள்ளி மாணவர் வீட்டில் பாட்டியின் பெட்டிக்கு அடியில் ஒரு பழைய படம் இருக்கக்கூடும். ஓரம் செல்லரித்திருக்கும், பின்புறம் கடையின் முத்திரை மங்கியிருக்கும். நாற்காலியில் இருப்பவர் தாத்தா என்பது தெரியும். பின்னால் நிற்கும் மூவர் யார், அவர்கள் மரம் வெட்டியவரா, தண்டவாளத்தில் வேலை செய்தவரா, கோட்டு யாருடையது என்பவற்றைப் பாட்டி மட்டுமே அறிவார். ஒரு பென்சிலை எடுத்து, படத்தின் முன்பக்கம் அழுந்தாதவாறு, பின்புறத்தில் மெல்ல எழுதத் தொடங்கினால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை அது. பாட்டி சொல்லும் வரிசையில், இடமிருந்து வலமாக.